உடும்பு சொன்ன சொல்

தொழிலாளர் அலுவலகத்தின் இரண்டாம் மாடி நடையில் ஒரே ஒரு பெஞ்சு இருந்தது. அதற்கு ஒரு கால் குட்டை. யாராவது எழுந்தால் மற்றவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். காலை எட்டரை மணியிலிருந்து நெட்டை அதில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் நண்பன் உடும்பின் அம்மா. அவள் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஈரமாக எதுவோ இருந்தது. அடியில் தண்ணீர் முத்துமுத்தாகக் கோத்து நின்றது.

"என்னம்மா அது?"

"அவன் கையுறைதான். ஒரே சிமெண்டா இருந்துச்சு. ஆபீசுக்குக் கொண்டுவர்றோமே, அழுக்கா இருக்கக் கூடாதுன்னு விடியக்காலையில அலசிட்டேன். காயல."

அந்தச் சிமெண்ட் தூசிதான் அதிகாரிக்குக் காட்ட வேண்டியது என்று இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது. நெட்டை பையின் அடியில் கோத்திருந்த தண்ணீரை விரலால் வழித்துவிட்டான்.

உடும்பு இறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. சிமெண்ட் கிடங்கில், பிற்பகல் மூன்று மணிக்கு, மேல்தளத்திலிருந்து கயிற்றில் இறங்கிய ஆறு மூட்டைகள் அவன்மேல் விழுந்தன. கம்பெனி கொடுத்த அறிக்கை அரைப் பக்கம்தான். இறந்தவரே 'விடு' என்று குரல் கொடுத்ததால் கயிறு தளர்த்தப்பட்டது என்றும், அவர் வேலைக்குப் பொருந்தாத கையுறை அணிந்திருந்தார் என்றும் அதில் இருந்தது. தவறு அவனுடையது என்று முடிவானால் அம்மாவுக்கு நிவாரணம் கிடையாது. கம்பெனி லைன் வீட்டையும் மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

அந்த 'விடு'வுக்கு வேறு பொருள் உண்டு என்று சாட்சி சொல்லத்தான் நெட்டை வந்திருந்தான். கையுறையைப் பற்றிச் சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை. அதை வாங்கிக் கொடுத்ததே அவன்தான். புதுக் கால்பந்துக் கிளப்பின் முதல் சம்பளத்தில்.

"இன்னைக்கு உனக்கு ஆட்டம் இருக்காமே? பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான்."

"இருக்கு. சாயங்காலம்தான்."

"எத்தனை மணிக்குப் போவணும்?"

"பதினோரு மணிக்கு பஸ். நீங்க அதை நெனைக்காதீங்கம்மா."

"சாப்பிட்டியா?"

"ஆச்சு" என்றான். சாப்பிட்டிருக்கவில்லை. அவள் ஒரு தடவையாவது தன்னைத் திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது. இந்த ஏழு வாரத்தில் அவள் திட்டவில்லை. போன் செய்யும்போதெல்லாம் சாப்பிட்டாயா என்றுதான் கேட்டாள்.

நெட்டையும் உடும்பும் ஒரே லைனில், சுவரை ஒட்டிய வீடுகளில் வளர்ந்தவர்கள். பதின்மூன்று வயதில், கிடங்குக்குப் பின்னால் இருந்த மண் மைதானத்தில், உயரமாக வந்த ஒரு பந்துக்கு இரண்டு பேரும் சேர்ந்து எம்பினார்கள். நெட்டையின் தலை இடித்து உடும்புக்கு முன்பல் இரண்டு போயிற்று. பந்து மட்டும் அவன் கையில் இருந்தது. பிடித்தால் விடமாட்டான் என்பதால்தான் அந்தப் பெயர். வாயெல்லாம் ரத்தமாகச் சிரித்துக்கொண்டே அவன் அன்றைக்கு ஒரு சட்டம் போட்டான்.

"இனிமே நான் 'விடு'ன்னு கத்துனா நீ விட்டுடணும். திரும்பிக்கூடப் பாக்கக் கூடாது."

"பாத்தா?"

"பாத்தா மிச்சப் பல்லும் போயிடும்டா, பரதேசி. அப்புறம் எனக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

ஒன்பது வருடம் அந்தச் சட்டம் மாறவில்லை. இடையில் இருவரும் கம்பெனியின் கால்பந்து அணியில் சேர்ந்தபோது முழு அணியும் அதைப் பழகிக்கொண்டது. பந்து தலைக்கு மேல் வரும். முதுகுக்குப் பின்னால் 'விடு' என்று கேட்கும். நெட்டை எம்பாமல் விலகிவிடுவான். பந்து என்னுடையது, பிடித்துவிட்டேன், நீ தொடாதே என்பது அதன் பொருள்.

கம்பெனி அணியில் ஆடுகிறவர்களுக்கு மூட்டை கிடையாது. எடை மேடையில் சீட்டு எழுதுவது, லாரிக்கு நம்பர் போடுவது என்று நிழலில் வேலை. மதியத்துக்கு மேல் பயிற்சி. அணி முதல் பிரிவில் இருக்கும்வரை அந்தச் சலுகை. அதனால் பதினோரு பேரும் பந்தைவிட நிழலுக்காகத்தான் அதிகம் ஓடினார்கள் என்று உடும்பு கேலி செய்வான். ஒரு வருடம் ஒரு கிளப் உடும்பை மட்டும் கேட்டு ஆள் அனுப்பியது. "நெட்டைய விட்டுட்டு வந்தா அங்க நான் யாரைப் பாத்துக் கத்துறது? தொண்டை துருப்பிடிச்சிடும்" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டான். வீட்டில்கூடச் சொல்லவில்லை. நெட்டையிடம் சொன்னான்.

அடுத்த வருடம் வெள்ளை ஷூ போட்ட ஏஜென்ட் வந்தபோது நெட்டை தனியாக அவர் காரில் ஏறினான்.

"கோல்கீப்பர் எங்ககிட்ட ரெண்டு பேர் இருக்காங்க தம்பி. உங்களுக்கு மட்டும்தான் இடம். இங்க வருஷம் பூரா வாங்குறதை அங்க ஒரே மாசத்துல வாங்குவீங்க."

நெட்டையின் அப்பா அதே கிடங்கில் இருபத்தாறு வருடம் மூட்டை தூக்கியவர். நெஞ்சில் சளியோடு படுத்திருந்தார். அவருடைய இருமலுக்காகத்தான் போனேன் என்று பிறகு பலரிடம் நெட்டை சொல்லியிருக்கிறான். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் காரின் குளிர்ந்த சீட்டில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டபோது அப்பாவின் இருமல் அவனுக்கு ஞாபகம் வரவில்லை.

உடும்பிடம் சொல்ல மூன்று வாரம் ஆயிற்று. எடை மேடைக் கூண்டுக்குள் வைத்துச் சொன்னான்.

"கையெழுத்துப் போட்டுட்டேன்டா."

"எதுல, கல்யாணப் பத்திரிகையிலயா?"

"அந்த வெள்ளை ஷூ கிளப்புல."

உடும்பு எழுதிக்கொண்டிருந்த சீட்டை எழுதி முடித்தான். கிழித்து டிரைவரிடம் நீட்டினான். அடுத்த லாரி மேடையில் ஏறியது. கூண்டு அதிர்ந்தது.

"எப்போ?"

"மூணு வாரம் ஆச்சு."

"மூணு வாரமா வயித்துக்குள்ள வெச்சிருந்தியா? அதான் போன மேட்ச்ல காலே எழும்பல. நான் உனக்குப் பேதின்னு நெனச்சேன்."

நெட்டைக்குச் சிரிப்பு வரவில்லை. "டீம் என்னடா ஆகும்?"

"விடு" என்றான் உடும்பு, லாரி நம்பரைப் பார்த்துக்கொண்டே. "நான் இருக்கேன்ல. விடு."

நெட்டை கூண்டிலிருந்து இறங்கிப் போனான். பழக்கப்படி திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் பருவத்தில் கம்பெனி அணி கடைசி இடத்துக்கு வந்தது. பின்வரிசையில் நிறுத்த உயரமான ஆள் கிடைக்கவில்லை. முதல் பிரிவிலிருந்து இறங்கிய வாரமே அணியைக் கலைத்துவிட்டு, ஆட்களைக் கிடங்குக்குள் அனுப்பினார்கள். கிடங்குக்காரர்களுக்குக் கம்பெனி கையுறை தருவதில்லை. சாக்கின் முரட்டு நூலும் சிமெண்டும் சேர்ந்து விரல் இடுக்குகளை அரித்தன. உடும்பு கோல்கீப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு மூட்டை தூக்கினான். "உன் புண்ணியத்துல கை பிழைச்சுது மாப்ள" என்று ஒருமுறை போனில் சொன்னான். நெட்டை அப்போது அணி தங்கியிருந்த ஹோட்டலில், மெத்தையில் படுத்திருந்தான்.

நடந்தது என்ன என்பதை நெட்டைக்குச் சொன்னவன் காக்கா. முன்பு அணியில் இடது பக்கம் ஆடியவன், இப்போது கிடங்கில் இருப்பவன். உடும்பை எடுத்துப்போன பிறகு, லைன் வீடுகளுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் வைத்துச் சொன்னான்.

"கயிறு பாதியில நின்னுடுச்சு. மூட்டையெல்லாம் ஒரு பக்கமா சரிஞ்சுது. நான் தாங்கிப் பிடிக்கப் போனேன். இவன் குறுக்க பாஞ்சு ரெண்டு கையும் குடுத்து, என்னைப் பாத்து 'விடு'ன்னு கத்துனான். நான் பழக்கதோஷத்துல சட்டுன்னு விலகிட்டேன். மேல கயிறு பிடிச்சவன் வந்து மூணு நாள்தான் ஆவுது. குடோன்ல கீழேருந்து 'விடு'ன்னா கயிறை விடுன்னுதானே அர்த்தம்? விட்டுட்டான்."

"இதை நீ விசாரணையில சொல்லுவியா?"

காக்கா குழாயைத் திறந்து, வெறும் கையைக் கழுவினான். "எனக்கு ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க. நீ வெளிய போனவன். நீ சொல்லு."

பெஞ்சில் காத்திருக்கையில், பத்தேமுக்காலுக்கு நெட்டையின் போன் அதிர்ந்தது; கிளப் பஸ்ஸிலிருந்து. பதினோரு மணிக்கு மறுபடி. அவன் அதை அணைத்துப் பையில் போட்டான். பதினொன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்தார். மேசையின் இந்தப் பக்கம் கம்பெனி மேனேஜர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். நெட்டையைப் பார்த்ததும் எழுந்து கை கொடுத்தார்.

"வாங்க வாங்க. போன மேட்ச் பாத்தேன். என்னா தலைமுட்டு! எங்க பையன்னு வீட்ல எல்லாருகிட்டயும் சொன்னேன்."

அம்மா பையிலிருந்து கையுறைகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஈரம் காகிதங்கள் பக்கம் பரவியது. அதிகாரி கோப்பை நகர்த்தினார்.

"இது எதுக்கும்மா?"

"அவன் போட்டிருந்ததுங்க. கம்பெனியில குடுக்கலைங்க."

"நாங்க குடுக்காததைத்தான் போட்டிருந்தார்னு அறிக்கையிலயே இருக்கு சார்" என்றார் மேனேஜர், பணிவாக.

நெட்டை நின்றுகொண்டே சொன்னான். உடைந்த பல்லிலிருந்து ஆரம்பித்தான். உயரப் பந்து, பின்னாலிருந்து வரும் குரல், எம்பாமல் விலகிக்கொள்வது. எது சரிந்து வந்தாலும் உடும்பு கை நீட்டாமல் இருக்கமாட்டான் என்றான். "'விடு'ன்னா நான் பிடிச்சுட்டேன், நீ தள்ளிப்போன்னு அர்த்தம் சார். கயிறை விடுன்னு இல்ல. பக்கத்துல இருந்த ஆளைக் காப்பாத்தத்தான் சொல்லியிருப்பான்."

"பக்கத்துல யார் இருந்தா?"

நெட்டை மேனேஜரைப் பார்த்தான். இரண்டு பெண்பிள்ளைகள் என்று காக்கா சொன்னது காதில் கேட்டது. "தெரியாது சார்" என்றான்.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தம்பி, ஒண்ணே ஒண்ணு. அன்னைக்கு நீங்க குடோன்ல இருந்தீங்களா?"

"இல்ல."

"எவ்வளவு நாளா இல்ல?"

"பதினோரு மாசமா."

"நாங்க அனுப்பலையே? நீங்களாத்தானே போனீங்க?"

அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானாத்தான் போனேன்."

அதிகாரி கண்ணாடியை மூக்குக்கு இறக்கி எழுதினார். எழுதியதை ஒரே குரலில் வாசித்தார்: "சாட்சி சம்பவ இடத்தில் இல்லை. சம்பவத்துக்குப் பதினோரு மாதம் முன்பே தாமாக வேலையை விட்டவர். 'விடு' என்று குரல் கொடுப்பது இறந்தவரின் நெடுநாள் வழக்கம் என்பதைச் சாட்சி உறுதி செய்கிறார்."

"நான் அப்படிச் சொல்லல சார். அந்தச் சொல்லுக்கு அர்த்தம்..."

"சொன்னீங்களா இல்லையா, 'விடு'ன்னு கத்துறது அவர் பழக்கம்னு?"

"சொன்னேன். ஆனா..."

அதிகாரி ஒரு வரி சேர்த்தார். "விளையாட்டில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு என்கிறார். போதுமா? கையெழுத்துப் போடலைன்னா சாட்சியே வரலைன்னு ஆயிடும். உங்க இஷ்டம்."

நெட்டை பேனாவை வாங்கினான். எந்த வரியை அடிக்கச் சொல்வது என்று தெரியவில்லை. எல்லா வரியும் அவன் சொன்னதுதான்.

"போட்டுடு தம்பி" என்றாள் அம்மா மெதுவாக. அவளுக்கு வாசித்தது பாதி புரிந்திருக்கவில்லை. "உனக்கு நேரமாகுது. அவன் சொன்னது என்னன்னு நீ சொல்லிட்ட இல்ல, அது போதும்."

அவன் கையெழுத்துப் போட்டான். மேனேஜர் எழுந்து, சாயங்கால ஆட்டத்துக்கு வாழ்த்துச் சொன்னார்.

அம்மா கையுறைகளைப் பையில் போட எடுத்தாள். அவற்றில் ஒன்றின் உள்ளங்கை, ஈரத்தில், கையெழுத்துப் போட்ட தாளோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதிகாரி ஐயோ என்று கை நீட்டினார். அவள் தாள் கிழிந்துவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பிரித்து எடுத்தாள்.