காதைப் பார்த்துப் பேசுகிறவள்

லிஃப்ட் மெக்கானிக் நல்ல மனுஷன்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். சும்மா இருக்கத் தெரியாது, அதுதான் அவருக்குள்ள வியாதி. பதினெட்டாவது மாடியில் சிக்கிய லிஃப்டைக்கூடப் பூப்போல இறக்கிவிடுவார். மனைவியின் கண்ணிடம் மட்டும் அவர் ஜம்பம் பலிக்கவில்லை. ஒரு வருடமாக அவளுக்கு இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி தெரியாது, ஓரப் பார்வைதான் மிச்சம். இனி மருந்தால் ஆவது ஒன்றுமில்லை என்று டாக்டரும் கையை விரித்துவிட்டார்.

அவள் திரைச்சீலைக் கடையில் இருபது வருடத் தையல்காரி. கோணாமல் தைக்க முடியுமென்றால் திங்கட்கிழமை வரட்டும், முடியாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று முதலாளியம்மா சொல்லியிருந்தாள். மெக்கானிக் அதுவரைகூடக் காத்திருக்கவில்லை. ராஜினாமாக் கடிதத்தை முத்து முத்தாகத் தானே எழுதி மேஜையில் வைத்துவிட்டார். கையெழுத்துதான் பாக்கி. மூன்று நாளாக அவள் அதைத் தொடவில்லை.

இன்னொன்றும் அவரை அரித்துக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதே இல்லை. எதைச் சொன்னாலும் அவர் காதைப் பார்த்துத்தான் சொன்னாள். என் மூஞ்சி அவ்வளவு கசந்துவிட்டதா என்று உள்ளுக்குள் புழுங்கினாரே தவிர, வாய்திறந்து கேட்கவில்லை.

பார்வை குறைந்தவர்களுக்கான உதவி மையத்திலிருந்து ஒரு பெண் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவாள். அவர் வேலைக்குப் போயிருக்கும் நேரம். மனைவி அதைப் பற்றிச் சொன்னபோதெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார். அந்தப் பெண் சனிக்கிழமை காலை வந்து, தைப்பதை நேரில் பார்த்துவிட்டுக் கடைக்குத் தகவல் சொல்வதாக ஏற்பாடு.

வீட்டுக்கு ஆள் வருகிறதே என்று மெக்கானிக் விடிந்ததும் துடைக்கும் துணியோடு கிளம்பினார். அடுப்புத் திருகில் பிசின்போல ஏதோ கட்டிக்கொண்டிருந்தது. துணி துவைக்கும் மெஷினிலும் அதே. தையல் மெஷினில் ஊசிக்குப் பக்கத்திலோ நீளமாக ஒரு பட்டை. பாவம், அவளுக்கு அழுக்குகூடத் தெரியவில்லை என்று நெஞ்சு கனத்துப்போய், ஸ்க்ரூடிரைவரால் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துப் பளபளவென்று துடைத்து வைத்தார்.

குளித்துவிட்டு வந்தவள் மெஷின் முன் உட்கார்ந்து விரலால் தடவினாள். திரும்பத் திரும்பத் தடவினாள்.

"இதைச் சுரண்டினது யாரு?"

"நான்தான். ஒரே அழுக்கு."

"அழுக்கு இல்லங்க." அவள் குரல் உடைந்தது. "மையத்துப் பொண்ணு ஒட்டிக்கொடுத்த அடையாளம். அதைத் தொட்டுப் பாத்துதான் ஒரு மாசமா சமைக்கிறேன், தைக்கிறேன். என் கண்ணையே சுரண்டிப் போட்டுட்டீங்க."

மெக்கானிக் திருதிருவென்று முழித்தார். அந்த நேரம் பார்த்து அழைப்பு மணி அடித்தது.

மையத்துப் பெண் கதையைக் கேட்டுவிட்டுக் கோபப்படவில்லை. பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்தாள். இரண்டு வில்லையின் நடுவிலும் மை அப்பியிருந்தது.

"அண்ணா, இதைப் போட்டுக்கிட்டு மேஜையில இருக்கிற பேப்பரைப் படிங்க."

அது அவரே எழுதிய கடிதம். ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை. தலையை நிமிர்த்தி மனைவியைப் பார்த்தார். புடவை தெரிந்தது, நாற்காலி தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

"ஒரு வருஷமா என் மூஞ்சி உனக்கு இப்படியா?"

"நேரா பாக்காதீங்க. என் காதைப் பாருங்க."

காதைப் பார்த்தார். மெல்ல, ஓரத்தில், அவள் முகம் வந்தது. மங்கல்தான். ஆனாலும் அவள்தான்.

"இவங்க ஒரு மாசமா இதைத்தான் சொல்லிக்கொடுத்தாங்க," என்றாள் அவள். "உங்களைப் பாக்கத்தான் காதைப் பாக்கிறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரும்பு ஸ்கேலைத் தேடி எடுத்தார். "ஊசியில இருந்து பட்டை எத்தனை மில்லிமீட்டர்?"

"பதினஞ்சு," என்றாள் மையத்துப் பெண், புதுப் பட்டையை நீட்டியபடி.

லிஃப்ட் தண்டவாளம் பொருத்துகிறவரைப்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டினார். அவள் கொடுத்த பசையால் அடுப்புத் திருகிலும் துணி துவைக்கும் மெஷினிலும் தடவிப் பார்க்கப் பொட்டு வைத்துவிட்டு வந்தார்.

"துணியில தைக்கிறதுக்கு முன்னாடி, நூல் கோக்காம பேப்பர்ல ஒரு ஓட்டு ஓட்டிப் பாருங்கக்கா," என்றாள் அந்தப் பெண்.

மேஜை பக்கம் கையை நீட்டித் தையல்காரி எடுத்தது எந்தத் தாள் என்று சொல்லவும் வேண்டுமா? தாளின் ஓரத்தைப் பட்டையில் சேர்த்தாள். மெஷின் கடகடவென்று ஓடியது. மேலிருந்து கீழே, கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தையும் துளைத்துக்கொண்டு ஊசி இறங்கியது.

மெக்கானிக் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். மேலே பதினைந்து, நடுவில் பதினைந்து, கீழேயும் பதினைந்து.

"நூல் பிசகல," என்றார்.

அடுத்து நூல் கோத்துத் துணியிலும் ஓட்டிக் காட்டினாள். மையத்துப் பெண் போனை எடுத்தாள். "திங்கட்கிழமை வேலைக்கு வராங்கன்னு கடையில சொல்லிடறேன்க்கா."

மெக்கானிக் ஸ்கேலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தையல்காரி அவர் பக்கம் திரும்பி, காதைப் பார்த்தாள்.

"கண்ணைத் துடைச்சுக்கோங்க," என்றாள். "வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க."