சிசினியோஸ் ஆயராகாத கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது ஒரு புனிதரின் வரலாறு.

எங்கள் ஊர் ரொதாந்திக்குச் சொந்தமாக ஒரு புனிதர் கிடையாது. அடுத்த துறைமுகத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவருக்குத் தலை இல்லை, இருந்தும் திருவிழாவுக்குக் கூட்டம் நெரிகிறது. அதனால், மீன்சாற்றுக்காரர் சிசினியோஸை ஆயராக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்த அன்றே, இந்த ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாரான நான் முந்திக்கொண்டேன். இன்றைக்கு ஆயராகிறவர் நாளைக்குப் புனிதராக மாட்டார் என்று என்ன நிச்சயம்?

அவர் ஆயராகவில்லை. தலைப்பிலேயே சொல்லிவிட்டேன். எழுதிய ஆரம்பங்கள் மட்டும் கையில் மிஞ்சின.

2

முதல் ஆரம்பம்:

"பாலகனாக இருந்தபோதே சிசினியோஸ் புதன், வெள்ளி நோன்பு நாட்களில் தாய்ப்பால் அருந்த மறுத்து—"

[அடித்துவிட்டேன். புனிதர் வரலாறுகள் எல்லாம் இப்படித்தான் தொடங்கும். ஆனால் அவருடைய பெரியம்மா இன்னும் உயிரோடிருக்கிறார். படித்துக் காட்டினேன். "அவனா? எம் புள்ள பங்கையும் சேத்துக் குடிச்சவனாச்சே" என்றார்.]

இரண்டாவது ஆரம்பம்:

"மனிதரின் ஆரவாரத்தை விட்டு விலகி, நகர மதிலுக்கு வெளியே, தனிமையையே துணையாகக் கொண்டு அவர் வாழ்ந்து—"

[இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் அவர் மதிலுக்கு வெளியே வாழ்ந்ததற்குக் காரணம் நாற்றம். மீன்சாறு காய்ச்சுகிறவன் ஊருக்குள் குடியிருக்கக் கூடாது என்பது சட்டம். தனிமையே துணை என்பதைப் படித்தால் பெலாகியா என் காதைத் திருகுவாள். பெலாகியா அவர் மனைவி.]

மூன்றாவது ஆரம்பத்தைத் தொடங்கவில்லை. நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

3

நெத்திலியையும் கானாங்கெளுத்திக் குடலையும் உப்புப் போட்டுத் தொட்டியில் நிரப்பி, கோடை முழுக்க வெயிலில் ஊறவிட்டு, துடுப்பால் கிண்டிக் கிண்டி, கடைசியில் தேன் நிறத்தில் ஒரு சாறு வடிப்பார்கள். அதை ஒரு சொட்டு விட்டால்தான் எங்களுக்கு முட்டைக்கோசு முட்டைக்கோசாக இருக்கும்.* தொட்டி இருக்கும் பக்கம் காற்று வீசினால் ஊரே சன்னலைச் சாத்தும். சாற்றுக்காரரும் அவர் மனைவியும் தெருவில் வந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் மூக்கு அரிக்கும். கோயிலில் அவர்கள் நிற்பது வாசலை ஒட்டி. யாரும் அப்படி நிற்கச் சொல்லவில்லை. சொல்லும்படி அவர்கள் வைத்துக்கொண்டதும் இல்லை.

(* மீன் ஆகாத நோன்புக் காலத்திலும் வாங்குவார்கள். அப்போது அதற்குப் பெயர் "அந்தத் தண்ணி".)

எங்கள் பழைய ஆயர் இறந்தபின் அடுத்தவர் யார் என்று மேட்டுத்தெருவுக்கும் துறைத்தெருவுக்கும் சண்டை. மேட்டுத்தெருவுக்கு ஒரு மடாதிபதி, துறைத்தெருவுக்கு ஒரு பாதிரியார். உயிர்த்தெழுதல் திருநாளன்று இரண்டு தெருவும் ஒரே சமயத்தில் இரண்டு வேறு பாட்டைப் பாடின. எந்தப் பாட்டு வென்றது என்பதில் பல் விழுந்தது.

இப்படியே போனால் உருப்படாது என்று பேராயர் மூன்று பெயர் கேட்டு ஆளனுப்பினார். மூன்று பெயர் சொல்வது வழக்கம். மூன்றாவது பெயர் ஜெயிக்கக் கூடாது என்பது அதைவிடப் பழைய வழக்கம். ஒப்புக்கு ஒரு ஆள் வேண்டும். இரு தரப்புக்கும் பகை இல்லாத ஆள். ஊரைச் சல்லடை போட்டுச் சலித்ததில் அகப்பட்டவர் சிசினியோஸ் ஒருவர்தான். அவரோடு சண்டை போடும் அளவுக்கு யாரும் அவர் பக்கத்தில் போனதே இல்லை.

பேராயருக்கு இரண்டு தெருவையும் தெரியும். மூன்றாவது பெயரைத் தொட்டுவிட்டார்.

4

இனி பெலாகியாவை உள்ளே கொண்டுவர வேண்டும். இங்கேதான் என் எழுத்து நொண்டியது.

பாதிரியாருக்கு மனைவி இருக்கலாம், ஆயருக்குக் கூடாது. கலியாணமானவர் ஆயராக வேண்டுமானால் மனைவி மனமுவந்து சம்மதம் சொல்லி, தூரத்தில் உள்ள ஒரு கன்னிமடத்துக்குப் போய்விட வேண்டும். புனிதர் வரலாறுகளில் அந்தப் பெண்கள் கண்ணீரோடு புன்னகைப்பார்கள்.

"பெலாகியா கண்ணீரோடு புன்னகைத்—"

[பெலாகியாவை எனக்குத் தெரியும். அடித்துவிட்டேன்.]

அவளிடம் பேசப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன், சட்டத்தைப் படித்துக் காட்டுவதற்காக. முன்னால் போனவர் கோயிலின் மூத்த பாதிரியார் கோஸ்மாஸ் சாமி, கையில் துளசிக் கொத்து, மூக்கில் கை. பின்னால் மேட்டுத்தெருப் பெரிய மனிதர் பர்தானெஸ், ஊர் வயலில் பாதிக்குச் சொந்தக்காரர். சிசினியோஸ் தொட்டியோரம் துடுப்போடு நின்றார். பெலாகியா நெத்திலியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"அம்மா பெலாகியா, கடவுள் உன் வீட்டுக்காரர கூப்பிடுறாரு" என்றார் கோஸ்மாஸ்.

"இங்கனதான் நிக்கிறாரு. கூப்பிடச் சொல்லுங்க."

"அப்படி இல்லம்மா. ஆயரா கூப்பிடுறாரு."

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தொட்டிக்குள் பார்த்தார். நான் சட்டத்தைப் படித்தேன். தூரத்து மடம் என்ற இடத்தில் குரலைத் தாழ்த்தினேன்.

"என்ன வாத்தியாரே முணுமுணுக்குறீங்க? சத்தமாப் படிங்க."

சத்தமாகப் படித்தேன்.

"ஏன் சாமி, நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"தப்பா? இது எப்பேர்ப்பட்ட பெருமை தெரியுமா?"

"அவ்வளவு பெருமைன்னா நீங்க ஆயராயிட்டு உங்க வீட்டம்மாவ அனுப்புங்களேன்."

கோஸ்மாஸ் துளசியை முகர்ந்தார். அவர் பெயரை யாரும் முன்மொழியாததற்குக் காரணம் ஊருக்கே தெரியும். பேராயர் பெயர் கேட்ட அன்றைக்கே அவர் மனைவி வாசலில் துடைப்பத்தோடு நின்றாள்.

நிலைமையைச் சரிக்கட்டப் பர்தானெஸ் ஒரு காரியம் செய்தார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நாலெட்டு நடந்து, சிசினியோஸின் கையைப் பிடித்து முத்தமிட்டார். "சிசினியோஸ் ஐயா, எங்கள ஆசீர்வதிக்கணும்" என்றார். முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டி நின்றது. பார்க்கிறவர்களுக்குப் பக்தி போலவே இருந்தது.

சிசினியோஸ் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல.

பெலாகியா அதைப் பார்த்தாள்.

5

[இந்தப் பகுதியில் நான் இல்லை. பெலாகியா பிறகு சொன்னதை வைத்து எழுதுகிறேன். அவள் சொல்லாமல் விட்டதை ஊகித்தும் எழுதியிருக்கிறேன். எது எது என்று கேட்காதீர்கள்.]

பொழுது சாயும்போது இருவரும் கடலில் கால் கழுவினார்கள். அவள் கைகளை மணலால் தேய்த்தாள். எத்தனை தேய்த்தாலும் போகாது என்று தெரிந்தும் தினமும் தேய்ப்பாள்.

"என்னய்யா, வாயில கொழுக்கட்டையா?"

"என்ன சொல்றது புள்ள."

"ஆசையா இருக்கா?"

அவர் குனிந்து இன்னொரு காலைக் கழுவினார். ஒரு அலை வந்து போனது. இன்னொன்றும் வந்தது. அவளுக்கு அந்த இரண்டாவது அலைதான் வலித்தது.

"பர்தானெஸ் எம் பேரச் சொன்னாரு" என்றார் அவர். "கேட்டியா? அவருக்கு எம் பேரு தெரியும்னே எனக்குத் தெரியாது. இருபது வருசமா ஆளனுப்பித்தான் சாறு வாங்குறாரு. அந்த ஆளும் சாடிய வாசல்ல வச்சுட்டுத் தள்ளிப் போய் நிப்பான்."

"அதுக்காக?"

"அதுக்காக இல்ல. சும்மா சொன்னேன்."

அவளுக்கு நல்ல கோபம் வந்தது. திட்டுவதற்குச் சொற்களும் தயாராக இருந்தன. ஆனால் அவர் முகத்தில் கலியாணத்தன்று இருந்த ஒரு வெட்கம் இருந்ததாம். அதைப் பார்த்ததும் சொற்களை விழுங்கிவிட்டு, ஈரக் கையை அவர் சட்டையிலேயே துடைத்தாள்.

6

பேராயர் வந்திறங்கினார். பர்தானெஸ் வீட்டில் விருந்து. மறுநாள் காலை கோயில் நிரம்பி வழிந்தது. சம்மதம் கிடைத்தால் போதும். ஒரே வாரத்தில் குருப்பட்டங்களைப் படிப்படியாகக் கொடுத்து, அடுத்த ஞாயிறு சிசினியோஸை ஆயர் நாற்காலியில் உட்கார்த்திவிடுவார்கள்.

கூட்டம் வழிவிட்டது, வழக்கத்தைவிட அதிகமாகவே. வாசலோரம் நிற்கும் இருவரும் முதல்முறையாகக் கோயிலின் நடுவே நடந்தார்கள். சிசினியோஸுக்கு யாரோ வெள்ளை அங்கி இரவல் கொடுத்திருந்தார்கள். அது அவருக்குப் பொருந்தியிருந்தது. [இந்த வரியை அடிக்க நினைத்தேன். ஆனால் பொருந்தித்தான் இருந்தது.]

"மகளே," என்றார் பேராயர், "யாரும் வற்புறுத்தாம, மனசார சம்மதிக்கிறியா?"

புனிதர் வரலாறு எழுதுகிறவன் இந்த இடத்தில் மறுப்பை எதிர்பார்க்கமாட்டான். பெலாகியாவைத் தெரிந்தவன் சம்மதத்தை எதிர்பார்க்கமாட்டான். நான் இரண்டுமாக நின்றேன்.

"சம்மதம்" என்றாள் பெலாகியா.

குரலில் கோபம் இல்லை. கேலியும் இல்லை. பக்கத்தில் நின்ற நான் நிச்சயமாகச் சொல்வேன். பெருமூச்சுகள் கிளம்பின. மேட்டுத்தெருவில் ஒரு கிழவி அழுதாள்.

"ஆனா ஒண்ணு" என்றாள். "தொட்டிய யாரு பாத்துக்குவா?"

"எந்தத் தொட்டி?" என்றார் பேராயர்.

"மீன்சாறுத் தொட்டி சாமி. நெத்திலி கரைக்கு வந்தாச்சு. இப்பப் போட்டுக் கிண்டலைன்னா இந்த வருசம் சாறு கிடையாது. இவரு நாற்காலிக்குப் போயிட்டா, நான் மடத்துக்குப் போயிட்டா, கிண்ட ஆள் வேணும்ல. மதிலுக்கு வெளிய வந்து இருக்கணும். யாரு வர்றீங்க? இப்பவே சொன்னா, போறதுக்குள்ள பக்குவம் சொல்லித் தந்துருவேன்."

அவள் நிஜமாகவே கேட்டாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் பார்வை போன பக்கமெல்லாம் தலைகள் குனிந்தன. மேட்டுத்தெரு துறைத்தெருவைப் பார்த்தது. துறைத்தெரு, தரையில் பதித்த கல்லில் மயில் எத்தனை அழகு என்று பார்த்தது.

"நம்ம துறைத்தெரு ஆளுங்க மீனோட பழகினவங்க" என்றார் பர்தானெஸ்.

"மேட்டுத்தெருவுலதான சாறு அதிகம் செலவாகுது" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

பேராயர் கையைத் தூக்கி அடக்கினார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "நேத்து ராத்திரி விருந்துல அந்த முட்டைக்கோசு..."

"இவரு சாறுதான் சாமி" என்றார் கோஸ்மாஸ்.

பேராயர் கண்ணை மூடிச் செபித்தார். நீண்ட செபம். அவர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்தவர்கள் அங்கே இருந்தார்கள். கண்ணைத் திறந்து, கடவுள் ஒவ்வொருவருக்கும் ஓர் இடத்தை வகுத்திருக்கிறார் என்றும், அதைவிட்டு யாரையும் பிடுங்குவது பாவம் என்றும் அழகாகப் பேசினார். கூட்டம் "ஆமென்" என்றது. ரொதாந்தியின் இரு தெருவும் சேர்ந்து ஒரே சொல்லைச் சொன்னது அன்றுதான்.

எங்களுக்கு ஆயராக ஒரு வயதான துறவியை அனுப்பிவைத்தார்கள். அவருக்கு இரண்டு காதும் கேட்காது. இரு தெருவுக்கும் அவரை மிகவும் பிடித்துவிட்டது.

7

இங்கே முடித்தால் நல்ல சிரிப்புக் கதை. ஆனால் அந்த "ஆமென்" சத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் நான் ஒன்றைப் பார்த்துவிட்டேன். பெலாகியா ஆள் கேட்டு முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சிசினியோஸ் வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்தார். பேராயர் முட்டைக்கோசைப் பற்றிக் கேட்டதும் மூடிக்கொண்டார்.

அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இருவரும் மதில் வாசல் வழியே வீட்டுக்கு நடந்தார்கள். வாசல் காவலன் வழக்கம்போல முகத்தைத் திருப்பி மூக்கைச் சொறிந்தான். பர்தானெஸின் ஆள் அன்று மாலையே சாடியை வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

தொட்டியில் மீனைக் கொட்டும்போது பெலாகியா கேட்டாளாம்: "கோயில்ல என்னமோ சொல்ல வந்தியே, என்னது?"

"பதில் சொன்னாரா?" என்று பிறகு அவளிடம் கேட்டேன்.

"சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"அது எனக்குச் சொன்னது வாத்தியாரே. ஊருக்குச் சொன்னதில்ல."

8

ஆகவே நானே எழுதிப் பார்த்தேன்.

"'எனக்கு வேண்டாம், பெலாகியாதான் வேண்டும் என்று சொல்ல வந்தேன்' என்றார் சிசினி—"

[இனிக்கிறது. அந்த இரண்டாவது அலையைக் கேட்ட பெண் இதை நம்பமாட்டாள்.]

"'என் தம்பி மகன் கிண்டுவான் என்று சொல்ல வந்தேன்' என்றார்."

[அப்படி ஒரு பையன் இருக்கிறான். இதுதான் உண்மையாக இருக்கும் என்று ஒரு பயம். ஆனால் மறுநாள் நான் போனபோது இருவரும் ஒரே துடுப்பைப் பிடித்துக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அவரை விடாமல் வைதாள், அவர் சிரித்தார். இந்தப் பதிலுக்குப்பின் அப்படிச் சிரிக்க முடியுமா? முடியுமோ என்னவோ.]

"'தும்மல் வந்தது புள்ள' என்றார்."

[அடித்தேன், திரும்ப எழுதினேன், அடித்தேன்.]

என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள் என் மனைவி. இந்தக் கதையில் அவளுக்கு வேலையே இல்லை.

"அவரு என்ன சொன்னா என்ன," என்றாள். "உங்கள கூப்பிட்டிருந்தா?"

"எதுக்கு?"

"ஆயரா. நானும் சம்மதம்னு சொல்லிட்டேன்னு வையுங்க. நீங்க வாயத் திறந்து என்ன சொல்லியிருப்பீங்க?"

மை தீர்ந்துவிட்டது, வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்தேன். இப்போது துறைமுகப் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மை குடுவை நிறைய இருக்கிறது. அவளுக்கும் அது தெரியும்.

சிசினியோஸ் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதி முடித்துவிடுங்கள். எப்படி முடித்தாலும் சரி, சீக்கிரம் முடியுங்கள். அதைக் கையில் பிடித்துக்கொண்டாவது நான் வீட்டுக்குள் போக வேண்டும்.