விடிவெள்ளியை மூழ்கடித்த நாள்

பங்குனித் திங்களின் இளங்காலையில், மன்னார்த் தீவின் கீரி என்னும் ஊரை ஒட்டிய கடல் அலையடங்கி, ஆற்றி வைத்த பால்போல் அசையாது கிடந்தது. வலை உலர்த்திய மணற்பரப்பில் கழுதைகள் தம் குட்டிகளோடு நின்று வெயில் காய, பனைகளின் ஊடே கோயில் மணி ஒலித்து ஓய, மீன் விற்ற பெண்டிர் வெறுங்கூடைகளை இடுப்பில் இருத்தி வீடு திரும்பிக்கொண்டிருந்தனர். அந்தக் கரையின் ஒதுக்கில், தென்னங்கிடுகு வேய்ந்த நெடுங்கொட்டில் ஒன்றினுள்ளே, ‘விடிவெள்ளி’ என்னும் பழைய பாய்மரத் தோணி படுத்திருந்தது. அன்புடையீர், அதனை முதன்முறை கண்டவர்கள் ஒருமுறை சுற்றி வராமல் நகரமாட்டார்கள். நானும் அவ்வாறு சுற்றி வந்தவன்தான்.

வேம்பும் இலுப்பையும் தேக்கும் கொண்டு, வரைபடம் எதுவுமின்றிக் கண்ணளவாலும் கையளவாலும் வளைத்து இணைத்த அதன் உடல், முனையில் ஒடுங்கி, நடுவே அகன்று, கடையில் மீண்டும் ஒடுங்கும் அழகை என்னென்று சொல்வேன்! தூத்துக்குடிக் கூரையோடுகளையும் யாழ்ப்பாணத்துப் புகையிலையையும் சுமந்து, காற்று ஒன்றையே நம்பிக் கடல் கடந்த அத்தோணியோடு பிறந்த தோணிகளெல்லாம், கதவாகவும் கட்டிலாகவும் அடுப்பு விறகாகவும் போய் ஒழிந்தன. இஃது ஒன்று மட்டும் எஞ்சியது. எஞ்சியதும் செலீனா என்னும் ஒரு பெண்ணால்தான்.

செலீனாவின் தந்தை மரம் கொடுத்துக் கட்டுவிக்க, அவளுக்கு இளையவளான நசீறா என்பவளின் தந்தை தோணித் தலைவனாம் தண்டையலாக நின்று செலுத்த, இரு வீட்டாருக்கும் பாதிக்குப்பாதி உரிமையாய் இருந்தது விடிவெள்ளி. போர் மூண்டு கடல் அடைபட்ட காலத்தில், நசீறாவின் வீட்டார் ஏனைய முஸ்லிம் மக்களோடு ஊரைவிட்டு அகற்றப்பட்டுப் புத்தளம் போய்ச் சேர்ந்தனர். தனித்து நின்ற செலீனா, ஊராரைக் கூட்டித் தோணியைக் கரையேற்றிக் கொட்டில் கட்டினாள். தன் வீட்டுக் கூரை ஒழுகியபோதும் கொட்டிலின் கூரையை அவள் ஒழுகவிட்டதில்லை. ஆண்டுதோறும் மீன்நெய் பூசினாள். பலகைகளுக்கிடையே விரிசல் காணும்போதெல்லாம், பஞ்சைக் குங்கிலியத்தில் தோய்த்து உளிகொண்டு இறுக அடைத்தாள். போர் ஓய்ந்து கடல் திறந்த பின்னரும் தோணியை நீரில் இறக்க அவளுக்கு மனம் வரவில்லை. உலகில் இனி இன்னொரு விடிவெள்ளி இல்லையே என்ற அச்சம் அவளுக்கு.

இவ்வாண்டுதான் நசீறா தீவுக்கு நிலையாய்த் திரும்பினாள். வந்ததும் வராததுமாய்த் தோணியின் வயிற்றுக்குள் இறங்கியவள், அடைப்பு உதிர்ந்த இடங்களிலெல்லாம் வெயில் கீற்றுக் கீற்றாய் உள்ளே விழுவதைக் கண்டு, விரைந்து மேலேறிச் செலீனாவிடம் வந்தாள்.

“அக்கா, மரம் நல்லாக் காய்ஞ்சு போச்சு. இன்னும் பஞ்சு அடைச்சியளெண்டா, தண்ணி பட்டு மரம் ஊதிப் பருக்கேக்க இடமில்லாம விலா முறிஞ்சு போகும். அடைச்சதெல்லாத்தையும் புடுங்கிப்போட்டு இவளைக் கரையோரத் தண்ணிக்குள்ள தாட்டு வைக்கோணும். பலகை ஊதி நெருங்கின பிறகுதான் எடுக்கோணும்.”

“தாட்டு வைக்கிறதோ? விசர்க் கதை கதையாதை! இவ்வளவு வருசமா நான் காப்பாத்தினது கடலில தாட்டுப்போடவோ?”

“வாப்பா அப்பிடித்தான் செய்யிறவர். ஆனா இவ்வளவு காலம் காய்ஞ்ச தோணியை ஆரும் தாட்டுப் பாத்ததில்லை. எனக்கும் பயம்தான் அக்கா. விட்டா இப்பிடியே நிண்டு உடைஞ்சு போயிடும்.”

செலீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன்பின் பல நாள் நசீறாவோடு அவள் பேசவேயில்லை. அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்பால் ஒரு பொருளைக் கெடுத்துவிட்டோம் என்று ஒப்புக்கொள்வது யாருக்குத்தான் எளிது? பிடிவாதமாய் உளியும் பஞ்சும் எடுத்துப்போய் மறுபடியும் அடைக்கத் தொடங்கினாள். ஒரு நாள் தட்டிய தட்டில், பலகையைப் பிடித்திருந்த நெடிய ஆணியொன்று, காய்ந்து சுருங்கிய மரத்தில் பிடியற்றுத் தானே கழன்று அவள் மடியில் விழுந்தது. அதனைக் கையிலெடுத்துப் பார்த்தவள், எழுந்து நேரே நசீறாவின் வீட்டு வாயிலில் போய் நின்றாள்.

“வா நசீறா, பஞ்சைப் புடுங்குவம்.”

தான் அடைத்த பஞ்சைத் தானே பிடுங்குவது செலீனாவுக்குத் தன் தசையைப் பிடுங்குவதாகவே இருந்தது. அழுதுகொண்டே பிடுங்கினாள், அருகிருந்து நசீறாவும் பிடுங்கினாள். பின்னர் ஊர் மீனவர் திரண்டு, பனங்குற்றிகளை அடியில் உருட்டி, வடம் பிடித்து இழுத்து, தோணியை ஆழமற்ற நீரில் இறக்கினர். இறங்கிய கணமே நூறு வாய் திறந்து கடலைக் குடித்த விடிவெள்ளி, மூச்சு விடுவதுபோல் குமிழியெழுப்பி, விளிம்பு மட்டும் மேலே தெரிய மெல்ல அமிழ்ந்தது. மணல் மூட்டைகளை உள்ளே இறக்கி அதனை அசையாது நிறுத்தினர். கரையில் நின்றோர் சிலர் வாய்விட்டு அழுதனர். செலீனாவோ இடுப்பளவு நீரில் நின்று விளிம்பைப் பற்றிய கையை விடவேயில்லை. நசீறாதான் விரல் விரலாய்ப் பிரித்து அவளைக் கரைக்கு அழைத்து வந்தாள்.

அதன்பின் வந்த நாள்களை அவ்விருவரும் எப்படிக் கழித்தனர் என்பது அவர்களுக்கே வெளிச்சம். ஒருத்தி கோயிலில் மன்றாடினாள். மற்றவள் தொழுகைப் பாயில் இருந்து கையேந்தினாள். கடைசியில், பலகைகள் ஊதி ஒன்றையொன்று நெருக்கிவிட்டதைத் தடவியறிந்து, மீனவர் மூட்டைகளை அகற்றி நீரை இறைக்கத் தொடங்கினர். நீர் குறையக் குறையத் தோணி எழுந்தது. இறைப்பதை நிறுத்தியும் எழுந்தபடியே நின்றது. ஓரிரு இடத்தில் மட்டும் கசிவு தெரிய, அங்கே இலேசாய்ப் பஞ்சு வைத்து அடைத்தார்கள். முறிந்த விலா ஒன்றுகூட இல்லை. ஊரே ஆரவாரித்தது. செலீனாவும் நசீறாவும் கட்டிக்கொண்டு அழுததில் இருவர் உடைகளும் நனைந்தன.

பாய்மரம் நாட்டிப் புதுப்பாய் கட்டிய நாளில், தோணியில் ஏறி நின்ற நசீறா கை நீட்டினாள்.

“ஏறுங்கோ அக்கா! நீங்கள் இல்லாம இவள் ஓடுறதோ?”

“நீ போ நசீறா. நான் இஞ்ச நிண்டு பாக்கிறன். இவ்வளவு காலமும் கிட்ட நிண்டு பலகையைத்தான் பாத்தனான். தோணியைப் பாக்கேல்ல.”

பாய் விரிந்து காற்றை முகந்தது. ஒருபுறம் சாய்ந்து நிமிர்ந்து, வெண்ணுரை இரு மருங்கும் விலக, விடிவெள்ளி தன் முழு வடிவும் தோன்ற நீலக்கடலில் விரைந்தது. காப்பது என்றால் இறுகப் பற்றியிருப்பது என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம், அன்புடையீர். அன்று விளிம்பை விட மறுத்த அதே கை, கடலோரத்தில் உயர்ந்து, தோணி கண்ணுக்கு மறையும்வரை அசைந்து அசைந்து விடைகொடுத்துக்கொண்டே இருந்தது.