நெறிக்கட்டி

சிகாகோ இறைச்சிக்கூடத்தில் ஸிக்மன்ட், அறுத்துக் கொக்கியில் தொங்கவிட்ட மாட்டின் தாடைக்கு அடியிலிருந்த நெறிக்கட்டியைக் கீறினான். உள்ளே மஞ்சள் மணிகள் இருந்தன. காசநோய் அங்கேதான் கூடுகட்டும்.

அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் புதுச்சட்டப்படி, இனி அதை வெட்டியெறிந்துவிட்டுக் கறியை விற்க முடியாது. அரசு ஆய்வாளரைக் கூப்பிட வேண்டும். காசநோயுள்ள ஆளையும் வேலையில் வைக்கக் கூடாது என்றன அதன் விதிகள். ஸிக்மன்ட் ஒரு மாதமாக இருமலை விழுங்கிக்கொண்டிருந்தான்.

"பேசாம மாட்ட அடுத்த ஆளுகிட்ட தள்ளிவிடுடா. ஆய்வாளரு கிட்ட வந்தா உன் வேலை போயிரும்," என்றான் பக்கத்தில் நின்ற பிலிப்.

"இந்தக் கறியத்தானடா என் பொண்ணும் திங்குறா?" ஸிக்மன்ட் கையைத் தூக்கி ஆய்வாளரைக் கூப்பிட்டான்.

ஆய்வாளர் வந்து, குனிந்து பார்த்து, விற்கக்கூடாது என்ற சீட்டைக் கட்டினார். "நல்ல கண்ணுய்யா உனக்கு!"

பதில் சொல்ல வாய் திறந்ததும் இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. கைக்குட்டையில் ரத்தம்.

"கத்திய வச்சிட்டு வெளிய வாப்பா," என்றார் அவர்.