அடுத்தவருக்குப் போகாத சேதி

எங்கள் குளிர்க் கிடங்கில் இறால் பெட்டிகள் குறைய ஆரம்பித்ததும் எல்லார் கண்ணும் என் மேல்தான் விழுந்தது. பெட்டி சுமக்கிறவன் நான். வேறு யாரைச் சொல்வார்கள்? மாசக் கடைசிக்குள் திருடன் அகப்படவில்லையென்றால் நீ வேலைக்கு வர வேண்டாம் என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

எனக்கு என் மச்சினன் மேல் சந்தேகம். என் பெண்சாதியின் தம்பி. அங்கே சூப்பர்வைசர். லோடுமேன்கள் அவனுக்கு வைத்த பெயர் குட்டி முதலாளி. என்னிடம் ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் மீன் நாற்றம் அடிக்கிற இடத்துக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வருகிறவனை நான் நம்பியதே இல்லை.

கிடங்கில் புதிதாக ஒரு சேதி மிஷின் மாட்டியிருந்தார்கள். மாட்ட வந்த மெக்கானிக் எங்களை நிற்க வைத்து விளக்கினார். கதவு வேளைகெட்ட வேளையில் திறந்தாலோ மூடாமல் கிடந்தாலோ ஒரு சேதி. குளிர் குறைந்தாலோ ஏதாவது பழுதானாலோ ஒரு சேதி. உள்ளே மாட்டிக்கொண்டவன் சிவப்புப் பொத்தானை அமுக்கினால் அதுவும் ஒரு சேதி. கதவு தன் சேதியை மிஷினிடம் போட்டுவிட்டு அதன் வேலையைப் பார்க்கப் போய்விடும். யார் காதிலாவது விழுந்ததா என்று காத்திருக்காது. மிஷினுக்குள்ளே பின்பக்கம் வேறொரு வேலை ஓடிக்கொண்டிருக்கும். அது வந்த வரிசைப்படி சேதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கேட்க வேண்டியவர்களின் போனுக்கு அனுப்பும். ஒன்று முடியாமல் அடுத்ததைத் தொடாது.

"எல்லாருக்கும் ஒரே நேரத்துல அனுப்பிடவா?" என்று மெக்கானிக் கேட்டார்.

"வேணாம். முதல்ல எனக்கு. நான் 'பார்த்தேன்'னு தட்டின பிறகு வாட்ச்மேனுக்கும் முதலாளிக்கும் போகட்டும். அவரை எதுக்குச் சும்மா சும்மா தொந்தரவு பண்ணணும்?" என்றான் மச்சினன்.

"நீங்க தட்டலைன்னா பின்னாடி வர்றது எல்லாம் அப்படியே நின்னுடும் சார்."

"தட்டாம நான் எங்கே போயிடப் போறேன்?"

அன்றைக்கே எனக்கு உறுத்தியது. ஊர்ச் சேதி மொத்தமும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று ஒருத்தன் கேட்டு வாங்கினால், அவனிடம் மறைக்க ஏதோ இருக்கிறது.

விடுமுறை நாளில், மறந்து வைத்த டிபன் பாத்திரத்தை எடுக்கிற சாக்கில் கிடங்குக்குப் போனேன். இரண்டாம் ரூமில் விளக்கு எரிந்தது. கதவு மூடாமல் இருக்க நடுவில் ஒரு காலிப் பெட்டி. அப்படி வைக்காதே என்று எங்களைத் திட்டித் தீர்க்கிறவன் என் மச்சினன்தான். பெட்டியைக் காலால் வெளியே தள்ளிவிட்டு உள்ளே நுழைந்தேன். பின்னால் கதவு 'டப்'பென்று சாத்திக்கொண்டது.

மச்சினன் பெட்டி அடுக்குகளுக்கு நடுவில் குளிர் ஜாக்கெட்டோடு நின்றான். அவன் முகம் வெளுத்தது என்னைப் பார்த்தல்ல, கதவைப் பார்த்து.

"அத்தான்! அங்கே இருந்த பெட்டி எங்கே?"

"உதைச்சுத் தள்ளினேன்."

"ஐயோ, உள்பக்கக் கைப்பிடி உடைஞ்சு கிடக்குதே! வெளியில இருந்துதான் திறக்க முடியும்!"

"உடைஞ்சது தெரிஞ்சும் ஏன்டா ரிப்பேருக்குச் சொல்லலை?"

அவன் கதவோரம் பாய்ந்தான். சிவப்புப் பொத்தானை அமுக்கினான். பச்சை விளக்கு எரிந்தது. மறுபடி மறுபடி அமுக்கினான். ஒவ்வொரு தடவையும் பச்சை எரிந்தது, ஆள்தான் வரவில்லை. கதவைத் தட்டினோம். கம்ப்ரசர் இரைச்சலில் எங்கள் சத்தம் எங்களுக்கே கேட்கவில்லை. நான் வெறும் சட்டையில் இருந்தேன். அவன் ஜாக்கெட்டைக் கழற்றித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

"பச்சை எரியுதே, அப்புறம் என்ன?" என்றேன்.

"மிஷின் வாங்கிக்கிச்சுன்னு அர்த்தம். அனுப்பிச்சுன்னு அர்த்தம் இல்லை."

"முதல்ல யாருக்கு அனுப்பும்?"

அவன் தன் போனை எடுத்தான். டவர் ஒரு கோடுகூட இல்லை. என் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது.

"பிரமாதம்டா மாப்ளே," என்றேன், பல் தந்தியடிக்க. "நம்மளைக் காப்பாத்தச் சொல்லி உனக்கே சேதி வரணும். அதை நீயே பார்த்தேன்னு தட்டணும். அப்புறம்தான் வாட்ச்மேன் அசைவான்."

கதவின் கீழ் மூலையில் ரப்பர் கிழிந்திருந்தது. அவன் குப்புறப் படுத்து அந்த இடுக்கில் போனை வைத்தான். வெளியே சுவரில் இருந்த மிஷினின் வைஃபை லேசாக எட்டியது. பேச முடியாது, மிஷினின் சேதி மட்டும் வரும். வந்தது.

'பின்கேட் திறக்கப்பட்டது.' போன வார விடுமுறை நாளின் தேதி. இறால் பெட்டிகள் எந்த வழியாகப் போயின என்று எனக்குப் புரிந்தது.

அவன் தட்டவில்லை.

"இத்தனை நாளா இதைத் தட்டாமலா வெச்சிருக்கே?"

"தானா போயிடும்னு நெனச்சேன் அத்தான்." குரல் இறங்கிவிட்டது. "இதை விட்டுட்டு நம்ம சேதியை மட்டும் எடுக்க முடியாதா?"

"ஒண்ணு முடியாம அடுத்ததைத் தொடாதுடா. உன்னைத் தாண்டித்தான் போகணும்னு மெக்கானிக் கிட்ட நீதானே கேட்டு வாங்கினே?"

"தட்டினா முதலாளிக்குப் போயிடும். என் வேலை போச்சு."

"தட்டலைன்னா உசுரு போகும். செத்தவனுக்கு எதுக்குடா சூப்பர்வைசர் வேலை?"

அப்போதும் யோசித்தான். அவனிடம் ஜாக்கெட் இருக்கிறது, என்னிடம் இல்லை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் யார் முதலில் சாய்வார்கள் என்று கணக்குப் போடுகிறானோ என்று எனக்குத் தோன்றியது. தப்பாகக்கூட இருக்கலாம். தோன்றியதைச் சொல்கிறேன்.

"உங்க அக்கா என்னை எங்கேன்னு கேப்பா," என்றேன். "என்ன சொல்லுவே?"

அவன் கண்ணை மூடிக்கொண்டு தட்டினான். போன் ஏற்கவில்லை. விரல் விறைத்து மரக்கட்டையாகியிருந்தது. அவன் கையைப் பிடித்து இழுத்து என் அக்குளில் சொருகிக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. திருட்டுக் கை என்று தெரிந்தே சூடாக்கினேன். விரல் மடங்க ஆரம்பித்ததும் கீழே தள்ளினேன். "இப்ப தட்டு."

போன் ஏற்றது. உடனே அடுத்தது வந்தது: 'இரண்டாம் ரூம் உள்கைப்பிடி பழுது.' தட்டினான். 'பின்கேட் திறக்கப்பட்டது.' தட்டினான். 'முதல் ரூம் கதவு மூடப்படவில்லை.'

அதைப் பார்த்ததும் அந்த நிலைமையிலும் அவனுக்கு இளிப்பு வந்தது. "இது நீங்க. அன்னிக்கு மதியம் கதவைத் திறந்து போட்டுட்டுக் குறட்டை விட்டீங்களே!"

"அதையும் தட்டுடா, நாயே."

தட்டினான். இன்றைக்கு அவன் கதவு திறந்த சேதிகளையும் தட்டினான். கடைசியில் நாங்கள் நிற்கும் இடத்துக்கு வந்தது: 'இரண்டாம் ரூமில் ஆள். உதவி.' அதைத் தட்டியதும் அதே சேதி திரும்ப வந்தது, அமுக்கின ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று வரிசையில் நின்றது. அதற்கு மேல் நாங்கள் பார்க்கவில்லை. எழுந்து கதவை ஒட்டி நின்றோம்.

வாட்ச்மேன் கதவைத் திறந்தபோது என் கால் எனக்குச் சொந்தமாக இல்லை.

"என்னய்யா இது? ஒரு வாரமா ஊமையா கிடந்த போனு, திடீர்னு பின்கேட்டு பின்கேட்டுன்னு கத்துது! அப்புறம் பார்த்தா ஆள் உள்ளேன்னு வருது!" என்றபடி அவர் எனக்கு வெந்நீர் கொண்டுவர ஓடினார்.

மச்சினன் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். கையிலிருந்த போன் அடித்தது. முதலாளி.

"அத்தான்," என்று குசுகுசுத்தான், "பின்கேட்டைத் திறந்தது நீங்கன்னு சொல்லிடுங்க. உங்களுக்கும் வயசாச்சு. எப்படியும் வேலையை விடப் போறவர்தானே?"

அவன் கையிலிருந்து போனை வாங்கினேன். பச்சையைத் தள்ளினேன்.

"முதலாளி, நான் பெட்டி சுமக்கிறவன் பேசுறேன். சூப்பர்வைசர் இங்கேதான் இருக்கார். தர்றேன், கேளுங்க," என்று சொல்லி, போனை அவன் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.