குதிரைக்கு விரித்த வைக்கோல்

உதயரூபன் துபாயில் ஆறு வருடம் குதிரை லாயத்தில் வேலை செய்தவன். அங்கே அவன் படித்தது ஒன்றுதான்: குதிரை படுக்கிற இடத்தில் வைக்கோல் முழங்கால் உயரம் இருக்கவேண்டும், கையை ஊன்றினால் சீமெந்து தட்டக்கூடாது. ஊருக்கு வந்து, பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் மூன்று குதிரைகளுக்குப் பொறுப்பாக நின்ற பிறகும் அதை அவன் விடவில்லை. காலையில் நனைந்த வைக்கோலை இரும்புக் கவையால் வாரி வெளியே தள்ளுவான். காய்ந்ததை உதறி உதறி விரிப்பான். வெள்ளைக்காரர் வந்து போட்டோ எடுப்பார்கள். ஊர்க்காரர் பார்த்தால் வயிறெரிவார்கள். எரியாமல் என்ன செய்யும்? மாடு தின்கிறதைக் கொண்டுபோய்க் குதிரை மூத்திரம் பெய்யக் கொட்டி வைத்திருக்கிறான் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

கிரான் பக்கத்து வயல்களில் ஒரு வழமை இருந்தது. வெள்ளாமை வெட்டி முடிந்தால் வட்டையில், அந்த வயல்வெளி முழுக்க, கிடக்கிற வைக்கோலுக்கு யாரும் சொந்தம் கொண்டாடுவதில்லை. மாடு வைத்திருப்பவன் பட்டியை விடுவான், அது தின்னும், சாணியை வயலுக்கே போட்டுவிட்டுப் போகும். அந்த வழமையில் மண்ணள்ளிப் போட்டவன் உதயரூபனேதான். "எங்கட வட்டையில வைக்கல் சும்மா கிடக்கு சேர், கட்டுற மெசினக் கொண்டுவந்தாச் சரி" என்று மனேஜருக்கு வழி காட்டினான். பங்குனியில் மெசின் வந்து வட்டையை வழித்துத் துடைத்துக்கொண்டு போனது. வயல்காரர்களும் கைநீட்டிக் காசை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்த வட்டையை நம்பியிருந்தது அவனுடைய அக்கா புருஷன் கந்தப்போடியின் பட்டி. ஆவணி பிறந்தும் மழை இல்லை. குளத்துச் சேறுகூட வெடித்துவிட்டது. முப்பத்தாறு மாட்டில் பதினொன்று செத்தது. கந்தப்போடி மூன்று தரம் ஹோட்டல் வாசலுக்கு வந்து வைக்கோல் கேட்டான். முதல் தரம் சிரித்துக்கொண்டு கேட்டான். இரண்டாம் தரம் அக்கா சீதேவிப்பிள்ளையும் கூட வந்தாள். மூன்றாம் தரம் அவன் வாசல் கேட்டுக்கு உள்ளேயே வராமல் வெளியில் நின்று கேட்டான். மூன்று தரமும் உதயரூபன் இல்லையென்றுதான் சொன்னான்.

கல்நெஞ்சன் என்று சொல்லிவிடலாம். ஆனால் மூன்று குதிரைகளில் பெட்டையான செம்பி சினையாக இருந்தது. போன வருடம் கடைசி நேரத்தில் வைக்கோல் தீர்ந்து, அது வெறும் சீமெந்தில் ஈன்றது. குட்டி எழும்ப எழும்ப வழுக்கி விழுந்து முன்காலை முறித்துக்கொண்டது. மூன்றாம் நாள் அதைக் கடற்கரை மண்ணில் புதைத்தவன் உதயரூபன். பெற்ற பிள்ளைக்கு அழுவதுபோல் அழுதான். இந்தத் தரம் ஒரு குட்டியை உயிரோடு எழுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது. மிச்சம் இருந்த நாற்பது கட்டு வைக்கோலையும் அதற்காகக் கண்ணுக்குள் வைத்துக் காத்தான்.

வெள்ளிக்கிழமை. காவலாளி நௌஷாட் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தான். மற்ற இரண்டு குதிரைகளும் சவாரிக்காகக் கடற்கரையில் நின்றன. செம்பியின் முலைக்காம்பில் காலையிலிருந்தே பால் முட்டி நின்றது. அது வைக்கோலைக் காலால் விறாண்டுவதும் வயிற்றைத் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தது. இன்றைக்குத்தான் என்று உதயரூபனுக்கு விளங்கிவிட்டது. பின்பக்கம் படலை முறிகிற சத்தம் கேட்டு வெளியே ஓடினான்.

இருபத்தைந்து மாடும் உள்ளே வந்துகொண்டிருந்தன. விலா எலும்பை எண்ணலாம். பின்னால் கந்தப்போடி, தோளில் துவாய், இடுப்பில் வெட்டுக்கத்தி.

"அத்தான், மாட்டக் கிறுக்கித் திருப்பிக்கொண்டு போங்க. செம்பி ஈனப்போகுது."

"ஈனட்டும். என்ட மாடும்தான் ஈண்டது. குடிக்கப் பால் இல்லாமக் கண்டுக்குட்டி செத்துப்போச்சு."

"நாளைக்கு நான் மனேஜரிட்டக் கேட்டுத் தாறன். மறுகா வாங்க."

"நாளைக்கா? நீ இல்லையில்லை எண்டு சொல்லச் சொல்லப் பதினொண்டப் புதைச்சிட்டன். என்ட மாட்டுக்குத் தின்ன இல்ல, உன்ட குதிரைக்கு மெத்தை. என்ட வயித்தில அடிச்சவன் நீதான்டா."

மாடுகள் தகரக் கொட்டிலுக்குள் இருந்த கட்டுகளில் விழுந்தன. கயிறு அறுந்தது, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறியது, கீழே விழுந்த ஒரு நாம்பன் மாட்டை மற்றவை மிதித்துக்கொண்டே தின்றன. உதயரூபன் கவையைத் தூக்கி முதுகு முதுகாகப் போட்டான். தோல் கிழிந்து இரத்தம் வந்தது. ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை. பசி அப்படி.

இடம் கிடைக்காத நாலைந்து, லாயத்துக்குள் வைக்கோல் வாசம் பிடித்துவிட்டன. பாதிக்கதவை நெஞ்சால் தள்ளின. பிணைச்சல் கழன்று கதவு உள்ளே விழுந்தது. செம்பியின் காலடியில் தலையைக் கொடுத்துப் படுக்கையை இழுத்தன. செம்பி வெருண்டு பின்னங்காலால் ஓர் உதை விட்டது. முன்னால் நின்ற வெள்ளைப் பசுவின் தாடை தொங்கிப்போய்விட்டது. வாயில் வைக்கோலோடும் இரத்தத்தோடும் அது மென்று பார்த்தது, முடியவில்லை.

அந்தப் பட்டிக்கே தாய்மாடு அது. கந்தப்போடி கண்டான். கண்டவனுக்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. கத்தியை உருவிக்கொண்டு உள்ளே பாய்ந்து செம்பியின் தொடையில் ஒரே வெட்டு. குதிரை கத்திய கத்து லாயத்தையே அதிரவைத்தது. அவன் இரண்டாம் வெட்டுக்கு ஓங்கினபோது உதயரூபன் கவையை வீசினான். முதல் அடி மணிக்கட்டில் விழுந்தது, கத்தி தெறித்தது. இரண்டாவது தோளில் விழுந்து கந்தப்போடியை முழங்காலில் இருத்தியது. மூன்றாவது தலையில். மூன்றாவது தேவையில்லை, அது அடிக்கும்போதே அவனுக்குத் தெரியும்.

கந்தப்போடி சுவரோரம் வைக்கோல் மேட்டில் சரிந்தான். காதுக்கு மேலால் இரத்தம் கொட்டியது. உதயரூபன் வெறிபிடித்தவன் மாதிரிக் கவையைச் சுழற்றி மாடுகளை வெளியே தள்ளி, கதவை நிமிர்த்தி முட்டுக் கொடுத்தான். திரும்பினால், செம்பி படுத்துவிட்டது. நீர்க்குடம் உடைந்து தண்ணீர் சீமெந்தில் ஓடிக்கொண்டிருந்தது. படுக்கை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. தின்றது போக, கிடந்ததெல்லாம் சாணியும் இரத்தமும் சேர்ந்த சேறு. காய்ந்த வைக்கோல் லாயத்துக்குள் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. அதன்மேல் கந்தப்போடி கிடந்தான்.

உதயரூபன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். அம்புலன்சுக்கு அடிக்கவேண்டும். அப்போது குட்டியின் ஒரு குளம்பு வெளியே வந்தது. ஒன்றுதான் வந்தது. மற்றக் கால் உள்ளே மடங்கியிருக்கவேண்டும். இப்படியே விட்டால் இரண்டும் போய்விடும். போனைப் பையிலே போட்டான்.

அத்தானின் இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்து இழுத்தான். தலை வைக்கோலிலிருந்து இறங்கிச் சீமெந்தில் இடித்தது.

"கொஞ்சம் பொறுங்க அத்தான். இந்தா வாறன்."

அவன் கிடந்த சூடு ஆறாத வைக்கோலை அள்ளி வந்து செம்பியின் வாலுக்குக் கீழே பரப்பினான். முழங்கைவரை கையை உள்ளே விட்டான். குட்டியின் முழங்கால் தட்டுப்பட்டது. குதிரை முக்கும்போது அவனுடைய எலும்பு நொறுங்குவதுபோல் இருந்தது. பின்னால் கந்தப்போடியின் குரல் கேட்டது, சண்டையே பிடிக்காதவனின் குரல்போல.

"உதயன்... மாட்டுக்குத் தண்ணி காட்டு. காஞ்ச வைக்கல் திண்டதுகள். விக்கும்."

"காட்டுறன் அத்தான்."

திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னான். மடிந்த காலை நிமிர்த்தி வெளியே எடுத்தான். பிறகு, செம்பி முக்க முக்க இரண்டு கையாலும் இழுத்தான். எவ்வளவு நேரம் என்று அவனுக்கே தெரியாது. குட்டி வழுகி வந்து வைக்கோலில் விழுந்தது. மூக்கைத் துடைத்து, வைக்கோலால் நெஞ்சைத் தேய்த்தான். தும்மியது. காலை விரித்து எழும்பப் பார்த்தது, விழுந்தது, திரும்ப எழும்பியது. மூன்றாம் தரம் நாலு காலும் வைக்கோலில் பதிந்து நின்றது. உதயரூபனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவ்வளவு சந்தோசம் அவன் வாழ்நாளில் கண்டதில்லை.

"அத்தான், எழும்பிட்டான் பாருங்க" என்று திரும்பினான்.

கந்தப்போடி பார்த்துக்கொண்டுதான் கிடந்தான். ஈயொன்று அவன் கண்ணில் இருந்தது, இமை ஆடவில்லை. முட்டுக் கொடுத்த கதவை ஒரு மாடு மறுபடி தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. கந்தப்போடியின் சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக நாக்கால் எடுத்துத் தின்றது. உதயரூபன் அதை விரட்டவில்லை.