பெட்டியை நகர்த்தியது யார்?

சீரியலில் மாமியார் மருமகளை அறையக் கை ஓங்கினாள். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. திரையின் நடுவில் வெள்ளை வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"அறைஞ்சு தொலைச்சுட்டாவது நில்லேன்டி," என்றாள் அத்தை. "அந்தப் பொண்ணும் எவ்வளவு நேரம்தான் கன்னத்தக் காட்டிக்கிட்டு நிப்பா?"

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. மனைவி இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. வீட்டில் மிச்சம் அவனும் அவளுடைய அம்மாவான இந்த அத்தையும்தான். இருவரும் அவளைப் பற்றிப் பேசுவதில்லை. டிவியைப் பற்றிப் பேசினார்கள்.

"ஞாயித்துக்கிழமை உங்க மச்சான் வர்றான் மாப்பிள்ளை. அவனோடவே கிளம்பிடலாம்னு இருக்கேன். அவன் வீட்டுல படம் நிக்காம ஓடுதாம்."

மாப்பிள்ளை போகாதீங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். "நான் சரி பண்றேன் அத்தை" என்று வந்தது.

டிவி ஓடுவதே இன்டர்நெட்டில்தான்; அந்தத் தெருவுக்கு இன்னும் அதன் கேபிள் வரவில்லை. காற்றில் வரும் சிக்னலைப் பிடித்து வீடு முழுக்கத் தருவது செங்கல் அளவிலான ஒரு வெள்ளைப் பெட்டி. டவரைப் பார்த்த ஜன்னல் கூடத்தில் மட்டும்தான். அதில்தான் பெட்டியை வைத்திருந்தான்.

கம்பெனிக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல். "பெட்டியை அணைச்சு மறுபடி போட்டுப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்."

"இன்னொரு தடவை போடுங்க சார்."

"அணைச்சு அணைச்சுப் போட்டா அதுக்குத் தலை சுத்தாதா?" என்றாள் அத்தை. "அதான் சுத்துது."

"சார், பெட்டி ஜன்னல்லதானே இருக்கு?"

"அங்கதான் இருக்கு," என்றபடி திரும்பிப் பார்த்தான். ஜன்னல் காலி.

பெட்டி, அவன் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் அறையில் இருந்தது. நாற்காலிக்குப் பின்னால், புத்தக அலமாரியில், இரண்டு சுவர் தாண்டி. அவனுக்குத் தன் மேல்தான் சந்தேகம் வந்தது. சமீபத்தில் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வீட்டையே தலைகீழாகப் புரட்டியவன் அவன். பெட்டியைத் தூக்கி வந்து ஜன்னலில் வைத்தான். படம் வெண்ணெய் மாதிரி ஓடியது.

மறுநாள் பெட்டி திரும்பவும் அலமாரியில் இருந்தது. அதற்கு அடுத்த நாளும். மூளை கழன்றுவிட்டதோ என்று பயந்தான். யாரிடம் சொல்வது? அத்தையிடம் சொன்னால், பைத்தியத்தோடு எப்படி இருப்பது என்று அன்றைக்கே கிளம்பிவிடுவாள்.

ஞாயிறு காலை பெட்டியை ஜன்னலோடு சேர்த்து டேப் சுற்றி ஒட்டினான். இனி தூக்கத்தில் நடந்து வந்தாலும் அதை எடுக்க முடியாது. தெம்பாகக் குளிக்கப் போனான். தலைக்குச் சோப்புப் போடும்போது கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்படியே துண்டைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

அத்தை நாற்காலி மேல் நின்றிருந்தாள். கையில் காய் நறுக்கும் கத்தி. டேப் முழுக்க அறுந்திருந்தது.

"அத்தை! தினமும் நீங்கதானா?"

"பின்ன, பேயா?"

"எதுக்கு?"

அத்தை கோழி திருடிப் பிடிபட்டவள் போலப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "நீங்க உங்க ஆபீஸ்காரங்ககிட்ட சொன்னது காதுல விழுந்துச்சு. 'வீட்டுல டிவி ஓடுது, நெட் பத்தல, அதான் நீங்க பேசுறது சரியா கேக்கல'ன்னு. நாம சீரியல் பாத்து மாப்பிள்ளை வேலைக்கு உலை வைக்கலாமா? அதான் உங்க பக்கத்துல கொண்டுவந்து வச்சேன். பக்கத்துல இருந்தாத்தானே நல்லா வரும்?"

"பக்கத்துல வச்சுக்க விளக்கா அது? உள்ள வச்சா யாருக்குமே வராது அத்தை."

"அப்ப இத்தனை நாளா ரெண்டு பேருமே பட்டினியா?"

"பட்டினிதான்."

"நல்லா இருக்கு! அதுக்குத்தான் நான் மூட்டை கட்டுனேனா?"

"படம் நிக்குதுன்னுதானே கிளம்புறீங்க?"

"உங்களுக்கு இடைஞ்சலா இருக்கேன்னு சொன்னா விடுவீங்களா? அதான் பழிய டிவி மேல போட்டேன்."

மாப்பிள்ளையின் தலையிலிருந்து நுரை வழிந்து தரையில் சொட்டியது. "அது சும்மா சொன்னது அத்தை. அன்னிக்கு எல்லாம் நல்லாத்தான் கேட்டுச்சு. நான்தான் கவனிக்கல. வேற யோசனை."

என்ன யோசனை என்று அத்தை கேட்கவில்லை. பெட்டியில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் சுரண்டினாள்.

வாசல் மணி அடித்தது. கூடத்து மூலையில் அத்தையின் பை, ஜிப் போட்டுத் தயாராக நின்றது.

"உங்களால எதுவும் கெடல," என்றான். "டிவி ஓடினாலும் சரி, ஓடலேன்னாலும் சரி. போகாதீங்க. எனக்கு நீங்க வேணும்."

கண்ணில் சோப்பு இறங்கி எரிந்தது. துண்டை ஒரு கையால் பிடித்தபடி மறு கையால் துடைத்தான். எரிச்சல் அதிகமானதுதான் மிச்சம்.

"போய் முதல்ல தலையக் கழுவுங்க மாப்பிள்ளை," என்றாள் அத்தை. "இந்தக் கோலத்துல நின்னு பேசுற பேச்சா இது?"

அவன் குழாயைத் திறக்கும்போது வெளியே கதவு திறந்தது. மச்சான் குரல் கேட்டது. "கிளம்பலாமாம்மா? வண்டிய நடுத்தெருவுல நிறுத்தியிருக்கேன்."

"வண்டிய ஓரமா விட்டுட்டு உள்ள வா. நான் எங்கயும் வரல. இந்த நாற்காலி மேல ஏறி, இந்தப் பெட்டிய ஜன்னலோட சேத்துக் கெட்டியா ஒட்டு."

"என்னம்மா ஆச்சு? கையில எதுக்குக் கத்தி?"

"ஒட்டுடா முதல்ல!"